ஒட்டுமில்லை உறவுமில்லை

காலையில் இருபது விடைத்தாள், மத்தியானம் இருபது. உலகம்மாள் பதினோராவது தாளில் இருந்தாள். ஏதோ ஒரு கல்லூரியின் பூப்பந்து அரங்கத்தைப் பல்கலைக்கழகம் திருத்தும் கூடமாக்கியிருந்தது. தரையிலிருந்த வெள்ளைக் கோடுகளின் மேலேயே மேசைகளைப் போட்டு, பல ஊர்த் தாவரவியல் ஆசிரியர்களை ஆளுக்கொரு மேசையில் உட்கார்த்தியிருந்தார்கள். மே மாதம். மின்விசிறிகள் சுற்றின, காற்று வருகிறதா என்பது அவற்றின் பொறுப்பில்லை. சிவப்புப் பேனா விரலிடுக்கில் வழுக்கியது. பதினெட்டாம் கேள்வி: நீங்கள் அறிந்த ஒரு பூக்கும் மரத்தையும் செலாஜினெல்லாவையும் ஒப்பிடுக, பத்து மதிப்பெண். பதினொரு பேரும் இதையேதான் எடுத்திருந்தார்கள், பக்கம் நிரப்பத் தோதான கேள்வி. மரம் உயரம், செலாஜினெல்லா குட்டை. மரம் பூக்கும், இது பூக்காது. மரம் நிழல் தரும், இது தராது. ஒருவன் மாமரம் வரைந்து அதில் காக்கையும் வரைந்திருந்தான். செலாஜினெல்லா என்று அவன் வரைந்திருந்ததைப் பூரான் என்றால் பூரான் கோபித்துக்கொள்ளும். அரை மதிப்பெண் போட்டாள், காக்கைக்காக. ஈரப் பாறையிலும் ஓடைக்கரை மண்ணிலும் தரையோடு தரையாகப் படர்கிற அந்தச் சின்னச் செடியை இந்தப் பிள்ளைகளில் ஒன்றாவது கண்ணால் பார்த்திருக்குமா? பூவில்லை, காயில்லை, விதையில்லை. ஸ்போர் என்கிற தூளை உதிர்த்துவிட்டுப் பேசாமல் பெருகுகிற செடி. அவள் பார்த்திருக்கிறாள். ஐந்து வருஷம் குற்றாலத்துப் பாறைகளில் குத்தவைத்து அதைப் பார்த்துத்தான் முனைவர் பட்டம் வாங்கினாள். உலகம்மாள் என்றால் இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, செலாஜினெல்லா மேடம் என்றால் தெரியும். இன்னும் ஒரு வருஷம், அப்புறம் ஓய்வு. முழங்கால் இப்போதே ஓய்வு பெற்றுவிட்டது. காலையில் ஐந்தரை பஸ்ஸுக்கு எழுந்து, கணவர் சிவஞானத்துக்கு இட்லி ஊற்றி மூடி வைத்துவிட்டு, ஜன்னல் ஓரம் கிடைக்காமல் நின்றுகொண்டே பாதி தூரம் வந்து, இப்போது பன்னிரண்டாவது தாளைப் பிரித்தாள். பிரிக்கும்போதுதான் பக்கத்து மேசையில் பிரதீபன் சிரித்தான்.

பிரதீபன் சின்ன வயசு, வேலைக்கு வந்து மூன்று வருஷம், எதைப் பார்த்தாலும் வேகம். "மேடம், இங்கன ஒரு கூத்தப் பாருங்க" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். "ஏழு பேப்பரு. ஒரே கட்டு, அடுத்தடுத்த நம்பரு. பதினெட்டாம் கேள்வில என்ன எழுதியிருக்குவன்னு கேளுங்க. 'கொன்றை ஊரைக் கூட்டிக்கொண்டு பூக்கும். செலாஜினெல்லா யாரிடமும் சொல்லாமல் பெருகும். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. செலாஜினெல்லாவின் ஸ்போர்கள் எல்லாம் ஒரே வகை.' ஏழுலயும் இதேதான் மேடம், ஒரு வார்த்தை மாறல. சரியா எழுதி ஒண்ணுபோல இருந்தா மனப்பாடம்னு விட்டுரலாம். தப்பும் ஒண்ணுபோல இருக்கே. செலாஜினெல்லாவுல ஸ்போர் ரெண்டு வகைன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். ஒருத்தி எழுதுனத ஆறு பேரு பாத்து எழுதியிருக்கு, ஹால்ல இருந்தவரு தூங்கியிருக்காரு." உலகம்மாள் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. "ம்" என்றாள். "வேதநாயகம் சார் டீ குடிச்சிட்டு வரட்டும், காப்பி கேசுன்னு எழுதிக் குடுத்துருதேன்" என்று அவன் நாற்காலியைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அவள் பன்னிரண்டாவது தாளின் முதல் கேள்விக்குச் சரி போட்டாள். இரண்டாவதுக்கும் சரி போட்டாள். அது தப்பு. அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். விடைத்தாளின் முகப்பைக் கிழித்துவிட்டு வேறு நம்பர் ஒட்டித்தான் அனுப்புவார்கள், எந்தக் கல்லூரி, எந்தப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கொன்றை ஊரைக் கூட்டிக்கொண்டு பூக்கும் என்று இந்த ஜில்லாவில் சொல்லக்கூடிய வாய் ஒன்றுதான் உண்டு. அந்த வாயை அவள் இப்போது இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதுதான். அவள் வகுப்பில், அவள் கரும்பலகையில், இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளுக்கு. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. சுடலைக்கனி இருக்கிறாளே, முதல் பெஞ்சில், டீச்சர் தும்மினாலும் நோட்டில் எழுதிக்கொள்கிற பிள்ளை. மேடம் சொன்னால் அது கல்லில் வெட்டினது அவளுக்கு. மற்ற ஆறும் அந்த நோட்டை வாங்கிப் படிக்கிற பிள்ளைகளாக இருக்கும். புத்தகம் வாங்க யாருக்கு வழி? தாயார்கள் பீடி சுற்றுகிற வீடுகள். காப்பி கேஸ் என்று எழுதிப் போனால் முதலில் ரிசல்ட்டை நிறுத்துவார்கள், பிறகு தகப்பனையோ தாயையோ கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வா என்று கடிதம் போகும், பிறகு மூன்று பருவம் பரீட்சை எழுதக் கூடாது என்பார்கள். மூன்று பருவம் எதற்கு, அந்தக் கடிதமே போதும். சுடலைக்கனியின் அப்பா அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்லுவார், வாசித்து முடித்த மறு வாரம் மாப்பிள்ளை பார்த்துவிடுவார். படிச்சது போதும் என்று சொல்ல அவருக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். எழுந்து போய்ப் பிரதீபனிடம் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. தம்பி, அது நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது. ஒன்பது அடி தூரம். அவள் எழுந்திருக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். பன்னிரண்டாவது தாளில் எந்தக் கேள்வியில் இருந்தோம் என்று தேடினாள்.

என்றைக்குச் சொன்னேன்? செவ்வாய்க்கிழமை. ஐந்தாம் மணி, சாப்பாட்டுக்கு அடுத்தது, பிள்ளைகள் பாதி தூங்கும். அது நிச்சயம். தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டிருந்தாள், கையில் அந்த வாசனை இருந்தது. பலகையில் நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் கொன்றை, வலப்பக்கம் செலாஜினெல்லா. ஜன்னலுக்கு வெளியே கல்லூரி வாசல் கொன்றை சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் ஊரைக் கூட்டிக்கொண்டு என்று வாயில் வந்தது. இதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு என்ன துக்கம் என்பதுதான் ஞாபகம் இல்லை. சிவஞானம் குளியலறையில் வழுக்கி விழுந்த நாளா? இல்லை, அது பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள், அவள் லீவில் இருந்தாள். முதல் நாள் ராத்திரி தூங்கவில்லையா? தூங்கினாள். காய்ச்சலா? இல்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா, முதல்வர் கடுகடுத்தாரா? இல்லவே இல்லை, அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. ஒரு சாவோ ஒரு சண்டையோ இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள், ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், முடிந்துபோகும். தேடிப் பார்க்கிறாள், அந்தச் செவ்வாய்க்கிழமையின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்க்கிறாள், தயிர்சாதம்தான் விழுகிறது. அசதியாக இருந்தது, அது ஒன்றுதான். அது எல்லா நாளும் இருப்பது.

சுடலைக்கனிதான் கேட்டது. "மேடம், இந்த ரெண்டுக்கும் ஏதாச்சும் ஒத்துமை உண்டா?" முப்பத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் பாறையில் குத்தவைத்தாள். அப்போது இருபத்தைந்து வயது, அருவிக்கு மேலே, காலுக்குக் கீழே ஈரம், தாவணியை விட்டுப் புடவைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, புடவை நுனி முழுக்கப் பாசி. லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அந்தச் செடியின் நுனிக் கதிரைப் பிரித்தபோது மேலே செந்தூள் போலப் பொடி ஸ்போர்கள், நூற்றுக்கணக்கில், ஊதினால் போய்விடும். கீழே உருண்டையாக நான்கே நான்கு பெரிய ஸ்போர்கள், தங்களுக்குள் சோறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சின்னது ஊர் சுற்றப் போகிறது, பெரியது வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருக்கிறது. கொன்றையின் மகரந்தமும் சூலும் இதுதானே. வானத்துக்கு நிமிர்ந்த அத்தனை மரமும் விதை என்று ஒன்றை உண்டாக்கியதற்கு ஒத்திகை, மிதிபடுகிற இந்தச் செடிக்குள்தான் நடந்திருக்கிறது. புத்தகத்தில் படித்தது வேறு, கண்ணால் பார்த்தது வேறு. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள், குளிக்க வந்த ஒரு குடும்பம் பயந்து தள்ளிப் போயிற்று. பெண் பார்க்க வந்த சிவஞானத்திடம் இதையெல்லாம் சொல்லத்தான் சொன்னாள். "பூக்கவே பூக்காதா? அப்ப அத எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டார். நல்ல மனுஷன், இன்றைக்கும் அதையேதான் கேட்கிறார். அவரைச் சொல்வானேன். சுடலைக்கனி கேட்டதற்கு அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உறவு உண்டு தாயி, தாய்வழி உறவு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? "ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஸ்போரெல்லாம் ஒரே வகை. எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

சோம்பலில் சொன்னேனா, மறந்துபோய்ச் சொன்னேனா? பன்னிரண்டாவது தாளின் மேல் ஒரு வியர்வைச் சொட்டு விழுந்து யாருடைய வேர்த்தொகுதியோ கலங்கியது. முந்தானையால் ஒற்றினாள். சோம்பல் என்றால் பாவம், மறதி என்றால் வியாதி. பாவமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பாவத்துக்குக் கோயில் இருக்கிறது. அம்மாவுக்கு முதலில் போனது கரண்டி. அறுபத்தொன்று வயது. அடுப்படியில் நின்றுகொண்டு "அத எடு, அதான், அந்தக் கிண்டுறது" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். பிறகு துவரம்பருப்பு போயிற்று, பிறகு தெருப்பெயர், பிறகு அப்பா. சொல் போவது வெளியே தெரிகிறது. அதற்கு முன்னால் உள்ளே என்ன போயிற்றோ, எத்தனை நாள் அம்மா தெரிந்தே மறைத்தாளோ. கடைசியில் பெற்ற மகளை டீச்சர் என்று கூப்பிட்டாள். "டீச்சர், எம் மவ உலகு இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரலியே, செத்தப் பாக்கப்பிடாதா?" உலகம்மாளும் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வேறென்ன செய்ய. அம்மாவுக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்தொன்பது. மறந்தது வேறு எதுவாக இருந்தாலும் சொல்லிவிடலாம், பாசியோ பெரணியோ காளானோ, போகிற போக்கில் நாக்குப் பிசகியது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். செலாஜினெல்லாவில் தப்புச் சொன்னேன் என்று உலகம்மாள் சொன்னால் இந்தக் கூடம் அதை எப்படிக் கேட்கும்? சாப்பாட்டு வேளைக்குள் நான்கு கல்லூரிக்குப் போய்விடும். மேடத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டதாம், அவங்க அம்மாவுக்கும் இப்படித்தானாம். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், மாலையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள், அதுவரைக்கும் சும்மா இருந்தால் போதும். ஏழு பேர்தானே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதை நினைத்தது தான்தான் என்று தெரிந்ததும் பேனாவை மேசையில் வைத்தாள்.

வேதநாயகம் வந்துவிட்டார். இந்தப் பகுதித் திருத்தத்துக்குத் தலைமை அவர், சட்டைப்பையில் பச்சைப் பேனா. உலகம்மாளுக்கு எட்டு வருஷம் இளையவர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளிடம்தான் நுண்ணோக்கியில் ஸ்லைடு வைக்கக் கற்றுக்கொண்டார். இப்போது மூன்று குழுக்களில் உறுப்பினர், சால்வை வாங்காத மாதம் கிடையாது. உதட்டில் வடையெண்ணெய் மினுக்க "என்ன வே பிரதீபன், என்ன விசேசம்?" என்று கேட்டு, ஏழு தாளையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். "ஆமால்லா. அச்சடிச்சாப்ல இருக்கே. அந்த ஃபாரத்த எடும், எழுதிருவோம்." பிரதீபன் ஃபாரத்தை எடுத்தான். நம்பர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் பச்சையில் எழுத ஆரம்பித்தார். நான்காவது நம்பர் வரை உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது நம்பரில் ஒரு பூஜ்யம் கூடவா குறையவா என்று அவர்கள் இருவரும் தடுமாறினார்கள். அப்போது எழுந்தாள். தைரியம் வந்து எழுந்தாள் என்று சொல்ல முடியாது. இன்னும் இரண்டு நம்பர்தான் பாக்கி என்று கால்களுக்குத் தெரிந்துவிட்டது.

"வேதநாயகம், அது காப்பி இல்ல" என்றாள். "எங்க காலேஜ் பிள்ளைய. நாந்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்." சுற்றியிருந்த மேசைகளில் பேனாக்கள் நின்றன. வேதநாயகம் நிமிர்ந்து பார்த்தார், முதலில் புரியவில்லை, பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "எத மேடம்?" "ஒரே வகை ஸ்போர்னு. ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு. கிளாஸ்ல நாந்தான் தப்பாச் சொன்னேன்." அவர் பேனாவை மூடி வைத்தார். பிரதீபனைப் பார்த்து, "கேட்டீரா வே? செலாஜினெல்லாவுல நம்ம மேடம் தப்பாச் சொன்னாவளாம். நடுச்சாமத்துல எழுப்பிக் கேட்டாலும் சரியாச் சொல்லுத ஆளு. எனக்கே அந்த ரெண்டு ஸ்போரையும் லென்சுல காட்டிக் குடுத்தது இவுகதான். பிள்ளையளுக்காக என்னவெல்லாம் சொல்லுதாக பாத்தீரா" என்றார். "இல்ல வேதநாயகம், நெசமாவே…" "புரியுது மேடம், புரியுது. நீங்க உக்காருங்க" என்று ஃபாரத்தை நான்காக மடித்துக் கிழித்தார். "ஏழு வீட்டுல விளக்கேத்தி வச்சிருக்கீக. ஏ பிரதீபன், அந்த வரிக்கு மட்டும் மார்க் குறைச்சிட்டு மத்ததுக்குப் போடும். இந்தக் காலத்துல பிள்ளையளுக்காகத் தம்பேரக் கெடுத்துக்கிட யாரு வருவா?" பிரதீபனின் கண்கூடக் கலங்கியிருந்தது. பின்வரிசையில் யாரோ ஒரு அம்மாள் கைகூப்பினாள். நெசமாவே தப்பாச் சொன்னேன் என்று இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னால் நம்பிவிடுவார்கள். அவள் சொல்லவில்லை.

வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் தப்பித்துவிட்டன, அதற்குத்தானே எழுந்தாள். தானும் தப்பித்துவிட்டோம் என்பதில் எவ்வளவு நிம்மதி என்று பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னதற்கு இத்தனை பேர் சேர்ந்து பொய் என்று மெச்சுகிறார்கள், அதை மறுக்க அவளுக்குத் தெம்பில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அப்படியா மேடம், எப்படி ஆச்சு என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருப்பாள், பயமாக இருக்கிறது என்றும் சொல்லியிருப்பாள். பதிமூன்றாவது தாளைப் பிரித்தாள். நல்ல கையெழுத்து, மை பரவாமல், எந்த ஊர்ப் பிள்ளையோ. பதினெட்டாம் கேள்விக்கு வேப்பமரத்தை எடுத்திருந்தது. மரம், தண்டு, இலை, எல்லாம் சரி, சரி, சரி. கடைசி வரி: செலாஜினெல்லாவில் ஸ்போர்கள் இரு வகை, சிறியவை பல, பெரியவை நான்கு. சிவப்புப் பேனா அந்த வரியின் மேலே போய் நின்றது. பெரியவை நான்கு. நான்குதானே? சின்னது பல, பெரியது நான்கு. பெரியது பல, சின்னது நான்கு. இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழுந்தன. பாறையும் ஈரமும் புடவைப் பாசியும் வந்தன, லென்சுக்குள் இருந்தது மட்டும் வரவில்லை. பிரதீபன் பக்கத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான், யாரும் அவளைப் பார்க்கவில்லை. உலகம்மாள் மேசையின் ஓரத்திலிருந்த அச்சடித்த விடைக்குறிப்பை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, பதினெட்டாம் கேள்விக்கு நேரே விரலை வைத்து வாசித்தாள்.